பத்து வீட்டு அவரை

2019 ஆகஸ்ட் பதினான்காம் தேதி, புதன்கிழமை, காலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். ஊரிகம் ரயில் நிலையம். குடையை விரித்தால் வீணாக விரித்தோமே என்று தோன்றும், மடக்கினால் மூக்குக்கண்ணாடி நனையும், அப்படி ஒரு தூறல். நான்கு முறை விரித்து நான்கு முறை மடக்கினேன்.

பயிர் ரகப் பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். சட்டப் பிரிவுகளைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் கைபேசியைத் தட்டினால் வந்துவிடும். எந்தப் பிரிவும் உதவிக்கு வராமல், ரயில் மட்டும் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கு ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்தபோது அப்படி ஒரு காலை வந்தது. அதை எழுதுகிறேன்.

ஊரிகத்தில் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் இருக்கின்றன. அதில் ஒரு வரிசையில் பத்து வீடுகள். பத்து வீட்டு வேலியிலும் ஒரே அவரை படர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் மொச்சை என்பார்கள், இங்கே அவரைதான். காய்ந்த விதையைப் பார்த்தால் வெளிறிய மஞ்சள் நிறம். கண்ணைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம், மை தீட்டியது போல. அதன் பெருமை நிறத்தில் இல்லை. ஊறவைத்து விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் பருப்பு தோலைக் கழற்றிவிட்டுத் துள்ளி விழும். பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, ஒரு படி அவரையை உட்கார்ந்து பிதுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் ஒருமுறை பிதுக்கினேன். இருநூற்றுப் பதினொன்றாவது பருப்பில் கட்டைவிரல் வீங்கிவிட்டது. அது வேறு அவரை.

இந்த அவரையைத் தேர்ந்து எடுத்தவர் அந்த வரிசையில் ஐந்தாம் வீட்டுக்காரர். சுரங்கத்துக்குள் மரத்தாங்கல் கட்டும் டிம்பர்மேனாக இருந்தவர். ஷிப்ட் முடிந்து வந்து மனைவியோடு உட்கார்ந்து பிதுக்குவாராம். எந்தக் கொடியின் பருப்பு சீக்கிரம் கழல்கிறதோ அந்தக் கொடியின் விதையை மட்டும் தனியாக எடுத்து வைத்து, அடுத்த வருடம் அதையே ஊன்றி, இப்படிப் பல வருடம். பிறகு மற்ற ஒன்பது வீட்டுக்கும் கொடுத்தார். நான் இந்த வேலையில் இறங்கும்போது அவர் உயிரோடு இல்லை. அவருடைய மருமகள் கௌதமிதான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பெங்களூரில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் செக்கிங் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஒரே மாதிரி இல்லாத சட்டையைப் பொறுக்கித் தள்ளுவதுதான் அவர் தொழில் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் எதற்கு வந்தார் என்றால், பங்காருபேட்டையில் ஒரு விதைக்கடைக்காரர் இதே அவரையை பாக்கெட்டில் போட்டு, மேலே தன் பேரன் படத்தை அச்சடித்து விற்க ஆரம்பித்திருந்தார். அதோடு நிற்காமல், தன் பேரில் பதிவு செய்யப் போவதாகவும் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். விற்றால் விற்கட்டும் என்பது கௌதமியின் கட்சி.

"எங்க மாமனாரு பத்து ஊட்டுக்கும் சும்மா குடுத்தாரு சார். அந்தக் கடக்காரருக்கும் யாரோ சும்மாதான் குடுத்திருப்பாங்க. ஆனா அது அந்தப் பேரன் கண்டுபுடிச்சதுன்னு எழுதிக்கினா எப்பிடி? அவனுக்கு இன்னும் பல்லு கூட மொளைக்கல."

உழவர்களே தேர்ந்து காத்துவந்த 'உழவர் ரகம்' என்ற வகையில், பத்து வீட்டுக்கும் கூட்டாக விண்ணப்பம் தயாரித்தோம். முதல் தகராறு பெயரில் வந்தது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் இங்கே மலையாக நிற்கிறது. அதற்கு சைனைட் மலை என்று பெயர். அந்த வரிசையின் பின்வாசலைத் திறந்தால் அது தெரியும். அந்த ஒரே உறவை வைத்து ஊர் முழுக்க இதை 'சைனைட் அவரை' என்று கூப்பிட்டார்கள். விண்ணப்பத்திலும் அப்படியே எழுதச் சொன்னார்கள். சாப்பிடும் பொருளுக்கு விஷத்தின் பெயரை வைத்தால் பதிவு அலுவலகத்தில் படிப்பவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார் என்றேன். மூன்று தலைமுறையாகத் தின்றுகொண்டிருக்கிறோம், யாரும் சாகவில்லை, வேண்டுமானால் அந்த ஆபீசரை ஒரு வேளை சாப்பிட வரச் சொல்லுங்கள் என்றார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சு. கடைசியில் மூன்றாம் வீட்டு பவுனம்மா, பெங்களூரில் கீரை விற்பவர், அறுபது வயதுக்காரர், பேச்சை முடித்து வைத்தார். பத்து வீட்டிலும் இருப்பதால் 'பத்து வீட்டு அவரை' என்றே போட்டுவிடலாம் என்றார். எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. எதையும் ஏமாற்றாத பெயர், எண்ணும் இருக்கிறது. மகிழ்ச்சியோடு எழுதினேன். அந்த மகிழ்ச்சியில்தான் வம்பு ஒளிந்திருந்தது.

பதிமூன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு பெங்களூர் சோதனை வயலிலிருந்து தகவல் வந்தது. விதை மாதிரி மறுநாள் மாலை நான்கு மணிக்குள் வர வேண்டும். பதினைந்தாம் தேதி விடுமுறை. பதினாறாம் தேதி விதைப்பு. அவரை பொழுது குறுகும் காலம் பார்த்துப் பூக்கிற பயிர், நமக்காகக் காத்திராது. தவறவிட்டால் அடுத்த ஆகஸ்டுதான். அந்த ஒரு வருடத்தில் பங்காருபேட்டைப் பேரனுக்குப் பல்லும் முளைத்துவிடும், பதிவுச் சான்றிதழும் வந்துவிடும். பிறகு எதிர்த்து வழக்காடலாம்தான். அந்த மாதிரி வழக்குகள் எவ்வளவு வேகமாக நகரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உடனே கௌதமிக்கு போன் செய்தேன். நான் சொன்ன வாக்கியம் இது: "பத்து வீட்டு அவரை விதை நாலு கிலோ வேணும். நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்துடுங்க, நான் சீல் வச்சுத் தரேன், நீங்களே கொண்டு போய்க் குடுத்துடலாம்."

இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை.

நடைமேடைக்குத் திரும்புவோம். பையை வாங்கி, வாயைக் கட்டி, அரக்கு வைத்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க ஏழு நிமிடம் போதும். ரயில் வர ஒன்பது நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய் மாத்திரை, இட்லி, கோலார் பஸ் என்று என் திட்டம் சுத்தமாக இருந்தது. கௌதமி வந்தார், பவுனம்மா கீரைக் கூடையோடு வந்தார், அந்த வரிசையிலிருந்து தினமும் பெங்களூர் போகிற மற்ற பெண்களும் வந்தார்கள். பை நான் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. ஆறு கிலோ இருக்கும். நல்ல மனதோடு கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேலதிகாரி ஒருவர், எந்த விதைப் பையைக் கண்டாலும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். அதனால் அவர் சட்டையில் எப்போதும் வலது கைக்கு மட்டும் சுருக்கம் இருக்கும். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கையை விட்டேன், அள்ளினேன், நடைமேடை விளக்குக்குக் கீழே பிடித்தேன்.

ஐம்பத்திரண்டு விதை. அதில் ஐந்துக்கு வளையம் இல்லை.

இன்னொரு பிடி. நாற்பத்தொன்பதில் நான்கு.

நம் வேலையின் மூன்று கேள்விகள் உங்களுக்கு மனப்பாடம்: மற்றதிலிருந்து வேறுபட்டதா, தனக்குள் ஒரே மாதிரி இருக்கிறதா, வருடா வருடம் அப்படியே இருக்கிறதா. இரண்டாவது கேள்விக்கு அந்தப் பை ஒரு பதிலும் சொல்லாது. பத்தில் ஒன்று வேறாக இருந்தால் சோதனை வயலில் முதல் வரிசையிலேயே தள்ளிவிடுவார்கள்.

எனக்கு எதிரே மூன்று வழி இருந்தது. பார்க்காதது போல முத்திரை வைத்து அனுப்பலாம். திருப்பிக் கொடுத்து ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லலாம். மூன்றாவது வழி, அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது; அதைத்தான் முதலில் செய்தேன்.

இது எப்படி வந்தது என்று கௌதமியைக் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீங்கதானே சார் பத்து ஊட்டு அவரை வேணும்னு சொன்னீங்க? நேத்து சாயங்காலம் ஒவ்வொரு ஊடா போயி அரைப்படி, அரைப்படி வாங்கினோம். ஒருத்தர் ஊட்டுது ஜாஸ்தி, ஒருத்தர் ஊட்டுது கம்மின்னு பேச்சு வரக் கூடாதுன்னு படிய விரலால தட்டி சமமா அளந்தோம்."

எனக்குப் புரிந்தது. நான் ரகத்தின் பெயரைச் சொன்னேன். அவர்கள் காதில் அது பங்காக விழுந்தது. எந்த ஊரிலும் விதை மாதிரி கேட்டால் நல்லதாகப் பார்த்து ஒரே வீட்டிலிருந்து கொண்டு வருவார்கள். இந்த வரிசைக்காரர்கள் மட்டும்தான் யாரும் விட்டுப்போகக் கூடாது என்று, படியைத் தட்டி அளந்து, விதை ஒரே மாதிரி இருப்பதைக் கச்சிதமாகக் கெடுப்பார்கள்.

ரயில் வந்துவிட்டது. அது ஊரிகத்தில் நிற்பது இரண்டே நிமிடம். நான் பையைப் பிடித்துக்கொண்டு, விட்டும் விடாமலும் நின்றேன். பவுனம்மா என் குடையைப் பிடுங்கி உள்ளே போட்டார்.

"இன்னா சார் கல்லு மாதிரி நிக்கிறீங்க. ஏறுங்க. ரெண்டு மணி நேரம் கீது. ரயில்லயே பொறுக்கிடலாம்."

குடை போன பின்னால் நான் நின்று என்ன செய்ய? ஏறினேன்.

ஜனவரியில் அவரைக் காலத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ரயில் கிளம்பும் மாரிக்குப்பத்தில் உரிக்க ஆரம்பித்தால் பெங்களூர் வருவதற்குள் குழம்புக்கு ஆனதை முடித்துவிடுவார்கள். கை அந்த வேலைக்குப் பழகிய கை. பத்து வீட்டில் எட்டு வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே முந்தானை, துப்பட்டா, ஒரு மழைக்கோட்டு எல்லாவற்றையும் விரித்துப் பையைக் கொட்டினார்கள். வளையம் உள்ளது பைக்கு, இல்லாதது பவுனம்மாவின் கூடை மூடிக்கு. நான் எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவதாக இருந்தால் மனதுக்குள் எண்ணும்படி கௌதமி கேட்டுக்கொண்டார்.

ஒரே மாதிரி இல்லாததைப் பொறுக்குவதில் அவர் கை மின்னலாக ஓடியது. வாய் அதைவிட வேகமாக ஓடியது. எந்த வீட்டில் இந்தக் கலப்படம் நடந்தது என்று விசாரணையைத் தொடங்கினார். எட்டாம் வீட்டில் மார்க்கெட் அவரை வாங்கிக் கலந்திருப்பார்கள் என்றார். இரண்டாம் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டே அளந்திருப்பார் என்றார். பிறகு பவுனம்மா பக்கம் திரும்பினார்.

"அக்கா, நெசத்த சொல்லு. கீரைக்குத் தண்ணி தெளிச்சு எடை ஏத்துற ஆளு நீ. அவரையிலயும் கைய வச்சிட்டியா?"

"தண்ணி தெளிக்கலன்னா கீர உன் மூஞ்சி மாதிரி வாடிப் பூடும்டி. பேசாம பொறுக்கு."

பங்காருபேட்டையில் ரயில் நின்றது. கூட்டம் ஏறியது. கௌதமி தன் கைப்பையைத் திறந்து ஒரு சிறிய காகிதப் பொட்டலத்தை எடுத்தார். ஆலையில் கூட வேலை செய்யும் ஒரு பெண் விதை கேட்டிருந்தாளாம், அவளுக்காக விடியற்காலை இருட்டில், பார்க்காமல் தன் வீட்டிலிருந்து அள்ளிவந்தது. "அசல் எப்பிடி இருக்கும்னு எல்லாரும் ஒருக்கா பாருங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் கொட்டினார்.

முப்பது விதை இருக்கும். ஒன்றுக்குக்கூட வளையம் இல்லை.

சமோசா விற்பவர் எங்களைத் தாண்டிப் போனார். கௌதமி உள்ளங்கையில் விதைகளை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார், கூடை மூடியில் சேர்ந்திருந்த அரைப்படியைப் பார்த்தார். பிறகு அந்த முப்பதையும் அதன் மேலேயே போட்டார்.

"அப்ப எங்க ஊட்டுப் பேர அடிச்சிடுங்க சார்."

மாமனார் பெயர் அந்தப் பதிவில் வர வேண்டும் என்பதற்காகத்தான் அவர் மூன்று சம்பள நாட்களை விட்டுவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு நடந்தார். விதைக்கடைக்காரரோடு கடை வாசலில் நின்று பேசினார். இப்போது அந்த அவரை அவருடைய வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் இருந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆகவே, ஒரு கேள்வி கேட்டேன். இது உங்களுக்கும் உதவும்: சொல்லத் தெரியாதபோது கேளுங்கள். உங்கள் வீட்டு விதையை யார் யாருக்குக் கொடுப்பீர்கள் என்றேன்.

கௌதமிக்குப் பதிலாகப் பவுனம்மா சொன்னார்.

"யாருக்குக் குடுக்க மாட்டா, அத்த கேளுங்க. மாமனாரு மாதிரியே. ஊட்டுக்கு வர்றவங்களுக்கு, ஃபேக்டரியில கீறவங்களுக்கு, எதிர்ல வர்றவனுக்கு. குடுக்கறப்ப வளையம் நல்லா கீறதா பாத்துப் பாத்துப் பொறுக்கிக் குடுப்பா. பொறுக்கிப் போட்ட மிச்சத்த இவ ஊன்றுவா. பத்து வருஷமா இதே கதை. எங்க ஊட்டு வேலியில கீறது பூரா இவ ஊட்டு அவரைதான் சார்."

நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினால் தேர்வு என்று நாம் படித்திருக்கிறோம். ஐந்தாம் வீட்டில் நடந்தது அப்படியே தலைகீழ்த் தேர்வு. நல்லதையெல்லாம் வெளியே அனுப்பி, ஒன்பது வீட்டில் ரகத்தைச் சுத்தமாக வளர்த்துவிட்டு, தன் வீட்டில் இல்லாமல் செய்துகொண்டார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி ஒரு முறையை நான் பார்த்ததில்லை.

பெயரை அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதா, பரிதாபப்பட்டுச் சொன்னதா என்று அன்று இரவு வரை எனக்கே சந்தேகம் இருந்தது. சட்டத்தைத் திரும்ப எடுத்துப் படித்த பிறகுதான் தூக்கம் வந்தது. ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பது விதையை. விதையை உருவாக்கிக் காப்பாற்றியவர்களின் வீட்டில் இன்றைக்கு எத்தனை படி இருக்கிறது என்று அது கேட்பதில்லை. வயலுக்குப் போகிற பை ஒன்பது வீட்டு விதையாக இருக்கலாம். விண்ணப்பத்தில் பத்து வீடும் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களை நம் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். விதையைப் பார்த்து ஆளைத் தள்ளுவார்கள்; ஆளைப் பார்த்து விதையை ஏற்பார்கள். இரண்டும் வேண்டாம்.

கௌதமி என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பொறுக்க உட்கார்ந்தார். இந்தத் தடவை வாய் ஓடவில்லை. எங்களுக்கெல்லாம் அதுதான் கஷ்டமாக இருந்தது. எட்டாம் வீட்டுப் பெண் மட்டும், மார்க்கெட் அவரை என்று தன்னைச் சொன்னதற்கு மன்னிப்பு எப்போது கிடைக்கும் என்று விசாரித்தாள்.

வைட்ஃபீல்டு வருவதற்குள் வேலை முடிந்தது. ஐந்து கிலோவுக்கு மேல் வளையம் போட்ட விதை. நான்கு கிலோ பைக்குள் போயிற்று. மீதியைப் பவுனம்மா கௌதமியின் டிபன் கேரியர் மேல்தட்டில் கொட்டி மூடினார். இந்த வருடம் யாருக்கும் கொடுக்காமல் இதைக் கௌதமியே ஊன்ற வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து சத்தியம் வாங்கினார்கள். அவரும் தலையாட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் போகவில்லை, என் பக்கம் குனிந்தார்.

"சார், உங்க ஊட்டுல வேலி கீதா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் என் சட்டைப்பையில் ஒரு பிடி விழுந்துவிட்டது. முப்பத்தாறு விதை.

அந்த நேரத்தில்தான் டிக்கெட் பரிசோதகர் வந்தார். பெண்கள் எல்லாரும் சீசன் பாஸை எடுத்துக் காட்டினார்கள். என் முறை வந்தது. நான் பர்ஸைத் திறந்து பார்த்தேன், குடையைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன். குடை ஏறியது, பை ஏறியது, நான் ஏறினேன். டிக்கெட் ஏறவில்லை.

பரிசோதகர் நல்ல மனிதர். கன்னடத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார். இருக்கைக்குக் கீழே உருண்டு கிடந்த அவரையைப் பார்த்து, தன் மனைவி இதைச் சமைக்கும் விதத்தைக்கூடச் சொன்னார். ஆனால் விதி விதிதான் என்றார். முப்பத்திரண்டு வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த வார்த்தை. அபராதம் இருநூற்றைம்பது, கட்டணம் இருபத்தைந்து, ஆக இருநூற்று எழுபத்தைந்து ரூபாய். பர்ஸில் முந்நூற்றுப் பத்து இருந்தது. கொடுத்தேன். பங்காருபேட்டையிலிருந்து கேலி பேசாமல் வந்த கௌதமி அப்போதுதான் பழைய வாயைத் திறந்தார்.

"காலையிலேந்து ஒவ்வொரு அவரையா எண்ணிகினு வந்தாரு. டிக்கெட்ட மட்டும் எண்ணாம உட்டுட்டாரு."

பெட்டி முழுக்கச் சிரித்தது. பரிசோதகரும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கௌதமியின் குரல் திரும்பி வந்ததே போதும் என்று இருந்தது.

கௌதமி ஆலையில் அரை நாள் வேலை பார்த்துவிட்டு வந்ததும், சோதனை வயல் அலுவலகத்துக்கு நானும் கூடவே போனேன். அங்கே ஒரு சங்கடம். மாதிரியோடு தரும் தாளில், விதை எப்படிச் சேகரித்தது என்று ஒரு கேள்வி உண்டு. கலந்து வந்ததைக் கையால் பொறுக்கினோம் என்று எழுதினால் வாங்க மறுக்கலாம். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவை மூடினேன், திறந்தேன், கிட்டத்தட்ட காலையில் குடை பட்ட பாடு. கௌதமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உள்ளங்கையில் முப்பது விதையைப் பார்த்த பிறகு, அவரே அதைக் கூடை மூடியில் போட்ட பிறகு, நான் மறைப்பது அழகாக இருக்காது. ஒரு வீட்டு விதை வேறாக இருந்ததால் நீக்கப்பட்டது, மற்ற ஒன்பது வீட்டு விதை கையால் பொறுக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்குகிற அதிகாரி, இளைஞர், இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கை வரை பைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ. புரட்டிப் பார்த்தார், முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார். மணி மூன்று நாற்பது.

சோதனை முடிந்து, அறிவிப்பு வந்து, யாரும் எதிர்க்காமல், அந்த அவரை பத்து வீட்டின் பெயரிலும் பதிவானது. அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஐந்தாம் வீட்டு டிம்பர்மேனின் பெயர் முதலில் இருக்கிறது. பங்காருபேட்டைக் கடையில் இன்னும் அந்த பாக்கெட்டைப் பார்க்கலாம். பேரன் படம் மட்டும் இல்லை.

அந்த புதன்கிழமை மாலைக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது, கணக்கு முடியவில்லை. மீதமிருந்த முப்பத்தைந்து ரூபாயில் இருபத்தைந்துக்கு டிக்கெட் எடுத்து, அதைச் சட்டைப்பையில் மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதே பெண்களோடு அதே ரயிலில் திரும்பினேன். அபராதத்தை அலுவலகம் தராது. எந்தத் தலைப்பில் கேட்பது? மாலூர் தாண்டியதும் கௌதமி வந்து என் மடியில் ஒரு கைக்குட்டை முடிச்சை வைத்தார். அவிழ்த்தேன். நோட்டும் சில்லறையுமாக இருநூற்றைம்பது ரூபாய்.

வாங்க மாட்டேன் என்றேன். இருநூற்று எழுபத்தைந்து ஆயிற்றே, கணக்கும் தப்பு என்றும் சொல்லிவிட்டேன். என்ன செய்வது, வாயில் வந்துவிட்டது.

"கணக்கு தப்பில்ல சார். பத்து ஊட்டுக்குப் பிரிச்சோம். ஒரு ஊட்டுக்கு இருபத்தேழரை வந்துட்சி. அரை ரூபாய்க்கு எங்க போறது? அதனால பதினோரு பங்கா போட்டோம். ஒரு ஊட்டுக்கு இருபத்தஞ்சு. ரெண்டு ஊட்டுப் பங்க நான் போட்டுகீறேன், போய் வாங்கிக்குவேன். உங்க ஊட்டுப் பங்கு உங்களோடது."

என் வீடு அந்த வரிசையிலேயே இல்லை, நான் எப்படிப் பதினோராவது வீடு என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பாதித் தூக்கத்தில் இருந்த பவுனம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"சட்டப்பையில இன்னா கீதுன்னு பாருங்க சார்."

முப்பத்தாறு விதை இருந்தது. எண்ணினேன், முப்பத்தாறும் இருந்தது.

காலையில் முறையாக டிக்கெட் எடுத்து ஏறியிருந்தால் எனக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு இருபத்தைந்து ரூபாய். எடுக்காமல் ஏறி, பிடிபட்டு, அபராதம் கட்டி, பங்கு போட்டு, கடைசியில் எனக்கு ஆன செலவு இருபத்தைந்து ரூபாய்.